1998-ல் கட்டின வீட்டுக்கு மேல இன்னொரு மாடி ஏத்தலாமா?

வணக்கம். வேளச்சேரியில அப்பா 1998-ல கட்டின வீடு. கீழே வண்டி நிறுத்த வெறும் பில்லர், மேலே ஒரு மாடி. தங்கச்சிக்காக இன்னொரு மாடி எடுக்கணும். "பில்லர் ஸ்ட்ராங்கா இருக்கு சார், தாராளமா ஏத்தலாம்"ங்கிறார் மேஸ்திரி. எனக்குத்தான் மனசு ஒப்பல.

கட்டினப்போ சென்னை நிலநடுக்க மண்டலம் 2. 2001 புஜ் நிலநடுக்கத்துக்கு அப்புறம், 2002-ல ஐ.எஸ். 1893-ஐ (நிலநடுக்கத்தைத் தாங்கற மாதிரி கட்டடம் வடிவமைக்கறதுக்கான இந்தியத் தர விதி) திருத்தி மண்டலம் 3 ஆக்கினாங்க. அந்தப் பதிப்புல நிலநடுக்க விசையைக் கணக்கிடற மண்டலக் காரணி மண்டலம் 2-க்கு 0.10, 3-க்கு 0.16. அதாவது கட்டடத்தைப் பக்கவாட்டுல தள்ளற விசையே ஒன்றரை மடங்குக்கு மேல! இதுல எங்க ஏரியா களிமண் வேற.

போன வாரம் ஒரு பில்லர்ல காரை பெயர்ந்து விழுந்துச்சு. உள்ளே பார்த்தா நீளக் கம்பிகளைச் சுத்திக் கட்டற ரிங் கம்பியோட முனைக் கொக்கி 90 டிகிரிதான் மடிச்சிருக்கு. நிலநடுக்கப் பகுதி கான்கிரீட் கட்டடங்களுக்குக் கம்பி கட்டற விதியான ஐ.எஸ். 13920 கேக்கறது 135 டிகிரி.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க: ஐ.எஸ். 15988 படி பழைய கட்டடத்தைச் சோதிக்க என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்? மண் பரிசோதனை புதுசா வேணுமா? பில்லருக்கு ஜாக்கெட்டிங் (சுத்தி புதுசா கம்பி, கான்கிரீட் போட்டு பலப்படுத்தறது) பண்ணா போதுமா, இல்ல கீழ்த்தளத்துல சுவரும் எழுப்பணுமா? வரைபடம் தொலைஞ்சு போச்சு. செலவு தோராயமா சொன்னாலும் உதவியா இருக்கும்.