பயந்த நாளில் பிடித்துக்கொண்டது

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு வயது 9. ஊர் குளச்சல் பக்கம். ஊருக்கு முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். அலைக்குப் பயந்து ஓடிய பலர் அந்தக் கால்வாயில்தான் விழுந்தார்கள். என்னை மாமா தோளில் தூக்கிக்கொண்டு பாலம் கடந்துவிட்டார். முந்தின நாள் கிறிஸ்துமஸ் திருப்பலியில் என் பக்கத்தில் நின்று பாடிய தோழி போய்விட்டாள்.

அப்புறம் சுனாமி காலனியில் வீடு கிடைத்தது. அங்கே அலைச்சத்தம் அவ்வளவாகக் கேட்காது. ஆனாலும் இரவில் மின்விசிறிச் சத்தமே எனக்குக் கடலாகக் கேட்கும். எழுந்து போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படுப்பேன். கல்லூரி முடிக்கும்வரை மணலில் கால் வைக்கவில்லை.

“ஆண்டவர் உன்னைக் காப்பாற்றினார், இனி ஏன் பயம்?” என்று செபக்கூட்டங்களில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தோழியின் முகம்தான் வரும். அவள் என்னைவிட நன்றாகச் செபிப்பாள். ‘விசுவாசம் இருந்தது, அதனால் பிழைத்தேன்’ என்று சாட்சி சொல்ல இன்றும் எனக்கு வாய் வராது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். பல நாள் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகில் அப்பா போயிருந்தார். ஒன்பது நாள் தகவலே இல்லை. லட்சத்தீவுப் பக்கம் கரை சேர்ந்து வீட்டுக்கு வந்தபோது, உப்பு அரித்து உதடெல்லாம் வெடித்திருந்தது. அன்று ராத்திரி கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, “பயந்தீங்களா அப்பா?” என்று கேட்டேன்.

“பயமில்லாம இருக்குமா மக்களே? செபமாலை சொன்னோம், கை நடுங்கிட்டேதான் இருந்தது. ஆனா அவரும் படகிலதானே இருந்தாரு.”

மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. எடுத்து வாசித்தேன். சிறுவயதிலிருந்து கேட்ட பகுதிதான். சீடர்களோடு போன படகு புயலில் சிக்கியபோது இயேசு காற்றை அடக்கியதை மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். அதற்கு முன்னால், படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறாரே! கரையில் நின்று கட்டளையிடவில்லை. சீடர்கள் நனைந்த அதே தண்ணீரில் அவரும் நனைந்திருப்பார். அன்று வெகுநேரம் அழுதேன்.

அடுத்த தவக்காலம் முழுக்க ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்குப் போனேன். செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் சொல்வேன், முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்பேன், திரும்பிவிடுவேன். அம்மா கூடவே வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். 2018 ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிறு. விடியற்காலையில் தண்ணீரில் கால் வைத்தேன். அலை திரும்பும்போது பாதத்துக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போகுமே, அதுதான் உயிரே போகிற மாதிரி இருந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு “இயேசுவே, இயேசுவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டே நின்றேன். மூன்று அலை போனது.

இன்றும் புயல் எச்சரிக்கை என்றால் வயிறு கலங்கும். ஆனால் இப்போது அந்தப் பயத்தில் நான் தனியாக இல்லை.

---

ஸ்தோத்திரம் சகோதரி. உங்கள் அனுபவத்துக்கு முன்னால் என்னுடையது சின்னது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். மோதிரம், பெல்ட் எல்லாம் கழற்றிவிட்டுப் படுத்தேன். பலகை உள்ளே போனதும் மூக்குக்கு நேர் மேலே சுவர். இரண்டே நிமிடம், கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தி வெளியே வந்துவிட்டேன். 52 வயதில் ஒரு குழாய்க்குள் படுக்க முடியவில்லையே என்று மிகவும் வெட்கமாக இருந்தது. விசுவாசம் இல்லாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் 56ஆம் சங்கீதம் வாசித்தேன். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.” காத் ஊரில் எதிரிகளான பெலிஸ்தரிடம் மாட்டிக்கொண்ட தாவீது சொல்வது. ராட்சதன் கோலியாத்தை வீழ்த்தியவர், அந்த ஊர் ஆகீஸ் ராஜாவுக்குப் பயந்து பைத்தியக்காரன்போல் தாடியில் எச்சில் வடியவிட்டார் என்று சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மனிதரே ‘பயப்படுகிற நாளில்’ என்று சொல்லியிருக்கும்போது, எனக்கு ஏன் வெட்கம்?

மறுபடி போனேன். கண்ணை மூடியபடிதான் படுத்தேன். டக் டக் என்று சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த வசனத்தின் ஒரு வார்த்தை. நான். பயப்படுகிற. நாளில். அரை மணிநேரம் எத்தனை தடவை சொன்னேனோ! வெளியே வந்தபோது சட்டை முழுக்க வேர்வை. பந்தை அழுத்தவில்லை.

உங்கள் அப்பா இன்னும் தொழிலுக்குப் போகிறாரா?

---

இயேசுவுக்கே புகழ், அண்ணா. ‘என்னுடையது சின்னது’ என்று சொல்லாதீர்கள். அந்த வசனத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்பா போகிறார். இப்போது தங்கல் இல்லை, சின்ன வள்ளம்தான், காலையில் போய் மதியம் வந்துவிடுவார். இன்றைக்கும் விடியுமுன்னே கிளம்பினார். தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஏறினார். வள்ளத்தைத் தள்ள நானும் போயிருந்தேன், முழங்கால் தண்ணீர் வரைக்கும்.