பசில் ரேட்டிங் ஏறுது, டோர்னமெண்ட் ரேட்டிங் மட்டும் அசைய மாட்டேங்குது... உதவி பண்ணுங்க

ஓரத்துச்சிப்பாய்:
வணக்கம் மக்களே. வேலைக்குப் போயிட்டே செஸ் ஆடுறவன் நான். கிளாசிக்கல் ஃபிடே (சர்வதேச செஸ் அமைப்பு) ரேட்டிங் 1550 பக்கத்துலயே ரொம்ப நாளா ஒக்காந்திருக்கு, ஒரு டோர்னமெண்ட்ல கொஞ்சம் ஏறும் அடுத்ததுல அப்படியே இறங்கிடும். தினமும் பசில் போடுறேன், அதுல ரேட்டிங் நல்லா ஏறிக்கிட்டு இருக்கு, ஓப்பனிங்கும் ஒயிட்டுக்கு இத்தாலியன் பிளாக்குக்கு கேரோ-கான்னு கிட்டத்தட்ட மனப்பாடம். கேம்ல முதல் இருபது இருபத்தஞ்சு மூவ் வரைக்கும் நல்லாத்தான் போகும், சில சமயம் ஒரு பான் (சிப்பாய்) கூட அதிகமா இருக்கும், அப்புறம் எங்கயோ கை நழுவிடுது. என்னைவிட ரேட்டிங் கம்மியான சின்னப் பசங்ககிட்ட டிரா, இல்லன்னா தோல்வி. டைம் பிரச்சனையும் கிடையாது, 90 நிமிஷத்தோட மூவுக்கு 30 செகண்ட் இன்க்ரிமென்டா கூடுற (90+30) கேம்ல முடியும்போது ஒரு மணி நேரமாவது என் கிளாக்ல மிச்சம் இருக்கும். ஓப்பனிங்க மாத்தணுமா, கோச் வெக்கணுமா, பசில் இன்னும் அதிகமா போடணுமா, ஒண்ணும் புரியல.

ராபிட்பிரியன்:
லண்டன் சிஸ்டம் ஆடுங்க ப்ரோ. எதிராளி என்ன ஆடினாலும் கிட்டத்தட்ட அதே செட்டப், மண்டைய உடைச்சுக்க வேணாம்.

கறுப்புக்கட்டம்:
லண்டன் நல்ல ஓப்பனிங்தான், ஆனா இவருக்கு ஓப்பனிங்ல பிரச்சனையே இல்லையே, இருபது மூவ் வரைக்கும் நல்லா இருக்குன்னு அவரே சொல்றாரு. எனக்கு உறுத்தினது "டைம் பிரச்சனை கிடையாது"ங்கற வரி. சார், 90+30ல 40 மூவ் ஆடினா உங்க கைல மொத்தம் 110 நிமிஷம் இருக்கு, மூவுக்கு சராசரியா 2 நிமிஷம் 45 செகண்ட். அதுல ஒரு மணி நேரத்த அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா பாதி கேம யோசிக்காமலே ஆடுறீங்கன்னு அர்த்தம். எங்க நழுவுச்சுன்னு தெரிஞ்ச ஒரு கேம் சொல்லுங்க, பாக்கலாம்.

ஓரத்துச்சிப்பாய்:
போன டோர்னமெண்ட்ல ஒண்ணு மறக்கவே மாட்டேங்குது. நான் ஒயிட், ரூக் எண்டிங், அதாவது கிங் போக ஆளுக்கு ஒரு ரூக்தான் (யானை) மிச்சம், எனக்கு ஈ4ல ஒரு பான் அதிகம், வேற பானே போர்டுல இல்ல. ரூக்க மாத்திட்டா பான் எண்டிங் ஈஸியா ஜெயிச்சிடலாம்னு ஈ5ல ரூக்க வெச்சேன், அந்தப் பையன் எடுத்தான், நான் கிங்கால எடுத்தேன். என் கிங் ஈ5ல, பான் ஈ4ல, அவன் கிங் டி7ல. உடனே ஈ7க்கு வந்துட்டான். அப்புறம் நான் கிங் டி5, அவன் டி7, நான் பான தள்ளத் தள்ள அவன் நேர் பின்னாடியே போனான், கடைசில என் பான் ஈ7, என் கிங் ஈ6, அவன் கிங் ஈ8. ஸ்டேல்மேட், செக்கும் இல்ல, அவனுக்கு ஆட மூவும் இல்ல, டிரா. ரூக் மாத்த ஒரு நிமிஷம் கூட எடுத்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்.

கறுப்புக்கட்டம்:
இதுலயே எல்லாம் இருக்கு சார். அவன் கிங் ஈ7ல வந்து நின்னப்ப ரெண்டு கிங்கும் நேருக்கு நேர், நடுவுல ஒரு கட்டம், மூவ் உங்களோடது. இதத்தான் ஆப்போசிஷன்னு சொல்வாங்க, அது அவன் கைல, டிரா. அதே இடத்துல மூவ் அவனோடதா இருந்திருந்தா அவன் கிங் ஒரு பக்கம் ஒதுங்கியே ஆகணும், நீங்க இன்னொரு பக்கமா ஆறாவது ரேங்க்ல நுழைஞ்சு ஜெயிச்சிருப்பீங்க. இன்னொண்ணு பாருங்க, உங்க பான் ஈ4க்கு பதிலா ஒரு கட்டம் பின்னாடி ஈ3ல இருந்திருந்தா, மத்ததெல்லாம் அப்படியே இருந்தாலும் கேம் உங்களுது, ஏன்னா அந்த இடத்துல ஈ4ன்னு சும்மா ஒரு தள்ளு தள்ளிட்டு மூவ அவன் தலைல கட்டிடலாம். பான் முன்னாடி போனா நல்லதுன்னு பழகியிருக்கோம், இங்க அது முன்னாடி போனதுதான் வெனை.

ரூக்க மாத்தாம வெச்சிருந்தாலும் சரியா டிஃபென்ட் பண்ணா டிராவா போயிருக்கலாம், அது வேற விஷயம், ஆனா டிஃபென்ட் பண்றவனுக்கு ஒவ்வொரு மூவும் வேலை இருந்திருக்கும். நீங்க மாத்தினதும் அவனுக்கு வேலையே இல்லாம போச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். பசில்ல "இங்க ஏதோ இருக்கு"ன்னு முன்கூட்டியே சொல்லிடுறான், போர்டுல யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால எங்க நிறுத்தி யோசிக்கணும்னு நீங்களேதான் கண்டுபிடிக்கணும், அதுக்கு நல்ல அடையாளம் திரும்பப் பெற முடியாத மூவ். காய் மாத்துறது, பான் தள்ளுறது, ராஜா முன்னாடி இருக்கற பான நகர்த்துறது, கேஸில் பண்ற (கிங்க ஓரமா ஒதுக்கற) பக்கத்த முடிவு பண்றது. குதிரைய தப்பா வெச்சா நாலு மூவ்ல திரும்பிக் கொண்டு வந்துடலாம், மாத்தின ரூக் திரும்ப வராது. மிச்சம் வெக்கற அந்த ஒரு மணி நேரத்த இந்த மாதிரி அஞ்சாறு மூவ்ல கொட்டுங்க. முக்கியமா பான் எண்டிங்குக்கு இறங்கறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் எண்ணிப் பாக்காம மாத்தவே கூடாது.

டைம்டிரபிள்தாசன்:
எனக்கு இதுக்கு நேர் எதிர், 20வது மூவ்லயே 5 நிமிஷத்துக்கு வந்துடுவேன் 😭 இவர்கிட்ட இருந்து அரை மணி நேரம் கடன் வாங்கலாம் போல

பழைய ஆர்பிட்டர்:
ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் தம்பிகளா. ஸ்கோர் ஷீட்ல ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்துல கிளாக்ல மிச்சம் இருக்கற டைமையும் எழுதுங்க. தயங்க வேணாம், கிளாக் டைம் எழுத ஃபிடே ரூல்லயே அனுமதி இருக்கு. மூவ மட்டும் முன்கூட்டியே எழுதக் கூடாது, போர்டுல ஆடின பிறகுதான் எழுதணும். முதல்ல எழுதிப் பாத்துட்டு அப்புறம் ஆடுன்னு அந்தக் காலத்துல சொல்லிக் குடுப்பாங்க, இப்ப அத பண்ணா ஆர்பிட்டர் (நடுவர்) வந்து நிப்பாரு. அப்புறம் 30 செகண்ட் இன்க்ரிமென்ட் இருந்தா 5 நிமிஷத்துக்குக் கீழ போனாலும் எழுதறத நிறுத்த முடியாது, அந்தச் சலுகை அதுக்குக் கம்மியான இன்க்ரிமென்டுக்கும் இன்க்ரிமென்டே இல்லாத கேமுக்கும்தான்.

வீட்டுக்குப் போய் அந்த டைம பாத்தா தானா தெரியும். மனப்பாடமா தெரிஞ்ச மூவுக்கு பத்து நிமிஷம், ராணி மாத்தறதுக்கு இருபது செகண்ட்னு இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ரேட்டிங் பத்தி ஒண்ணு. உங்க கே, அதாவது ஒரு கேம்ல ரேட்டிங் எவ்வளவு வேகமா மாறும்ங்கற எண், 20ன்னு வெச்சுக்கறேன். உங்களைவிட 200 கம்மியா இருக்கறவர ஜெயிச்சா 4.8 பாயிண்ட்தான் ஏறும், டிரா பண்ணா 5.2 போயிடும், தோத்தா 15.2 போயிடும். பசங்களுக்கு 18 வயசு வருஷம் முடியற வரைக்கும், 2300க்குக் கீழ இருந்தா, கே 40, அதனால அவங்க நம்பர் வேகமா மேல வரும், ஆனா பல பேரோட ஆட்டம் அந்த நம்பருக்கும் முன்னாடி ஓடிட்டு இருக்கும். 1400ன்னு பாத்து அலட்சியமா ஒக்காராதீங்க. 2024 மார்ச்ல இருந்து ஃபிடே ரேட்டிங்கோட அடிமட்டமே 1400தான், அதுக்கு முன்னாடி 1000. பழைய 1400 வேற, இப்ப இருக்கற 1400 வேற.

ஓரத்துச்சிப்பாய்:
கணக்குப்பிள்ளை சார், கே 20 சரிதான். ஸ்கோர் ஷீட்ல டைம் எழுதலாம்னு இப்பத்தான் தெரியும், ஆர்பிட்டர் அய்யாவுக்கு நன்றி. ரெண்டு சந்தேகம். கேம் முடிஞ்சதும் நேரா இன்ஜின்ல (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டுப் பாக்கறேன், அது தப்பா? எண்ட்கேம்ல எங்க இருந்து ஆரம்பிக்கறது, புக்க திறந்தாலே தூக்கம் வருது.

கறுப்புக்கட்டம்:
இன்ஜின் தப்பில்ல, முதல்ல போடறதுதான் தப்பு. அது மைனஸ் 1.8ன்னு ஒரு மதிப்பெண் காட்டும், நீங்களும் "ஓஹோ"ன்னுட்டு அடுத்த கேமுக்குப் போயிடுவீங்க. அன்னைக்கே ஒக்காந்து எந்த மூவ்ல என்ன நினைச்சீங்க, எதிராளி என்ன பண்ணுவான்னு எதிர்பாத்தீங்கன்னு உங்க வார்த்தைல எழுதிடுங்க, முடிஞ்சா எதிராளி கூடவே கேம் முடிஞ்சதும் பத்து நிமிஷம் பேசுங்க, நீங்க பாக்கவே இல்லாத மிரட்டல அவன் சொல்லுவான். அப்புறமா இன்ஜின். அது சொல்றதும் நீங்க எழுதினதும் எங்க முட்டுதோ அத மட்டும் ஒரு நோட்ல ஏத்துங்க.

எண்ட்கேமுக்கு புக் முழுக்க வேணாம். ஒரு பான் எண்டிங்ல ஆப்போசிஷன், கீ ஸ்கொயர். உங்க ஈ4 பானுக்கு கீ ஸ்கொயர் டி6, ஈ6, எஃப்6. அதுல ஒண்ணுல உங்க கிங் கால் வெச்சுட்டா யார் மூவா இருந்தாலும் ஜெயிப்பு. அப்புறம் ரூக் எண்டிங்ல ரெண்டே ரெண்டு, ஜெயிக்க லூசீனா பொசிஷன், டிரா பண்ண ஃபிலிடோர் பொசிஷன். இத படிச்சா போதாது, இன்ஜின எதிர்ல ஒக்கார வெச்சு ரெண்டு பக்கமும் ஆடிப் பாருங்க. கை தன்னால போகற வரைக்கும்.

டைம்டிரபிள்தாசன்:
லூசீனா எனக்குத் தெரியும், ஆனா அந்த பொசிஷன் எனக்கு வந்ததே இல்ல

பழைய ஆர்பிட்டர்:
வரும் தம்பி, 20வது மூவுக்கு அப்புறமும் கிளாக்ல டைம் இருந்தா வரும்.