விண்டோஸில் மௌனமாகத் தவறும் எழுத்துணரி ஸ்கிரிப்ட்: ஸ்பான் முறைக்கு மாறலாமா?

சுங்கைவாசி:
மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களின் பக்கப் படங்களை உரையாக்கும் நமது பைத்தான் ஸ்கிரிப்ட், லினக்ஸில் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறது. விண்டோஸிலோ அதே பக்கங்களை, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், திருத்தாமலே வெளியிடுகிறது. சொற்பட்டியலை, கோப்பை நேரடியாக இயக்கினால் மட்டும் ஓடும் மெயின் பகுதிக்குள் நிரப்புவதே காரணம். பக்கங்களைப் பங்கிட்டுச் செய்ய ஸ்கிரிப்ட் சேய் பிராசஸ்களை (தனித்து ஓடும் துணை நிரல்களை) தொடங்குகிறது. அவற்றைத் தொடங்கும் ஃபோர்க் முறையில் சேய் பிராசஸ் தாயின் நினைவகத்தை அப்படியே பெறும். விண்டோஸில், சேயைப் புதிதாகத் தொடங்கும் ஸ்பான் முறை மட்டுமே உண்டு. அங்கே சேய் நம் கோப்பைப் புதிதாக இம்போர்ட் செய்யும்போது மெயின் பகுதி ஓடாததால் பட்டியல் காலியாகவே இருக்கும். பூலின் (சேய்க் குழுவின்) இனிஷியலைசர், அதாவது ஒவ்வொரு சேயும் தொடங்கும்போது ஓடும் ஃபங்ஷன், வழியாகப் பட்டியலை ஏற்றி, எல்லாத் தளங்களிலும் ஸ்பானையே பயன்படுத்தும் திருத்தத்தை அனுப்பியுள்ளேன்.

செம்பனை:
இனிஷியலைசரை ஏற்கிறேன், ஸ்பானை லினக்ஸில் திணிப்பதை ஏற்க இயலாது. சமூக மண்டபத்தில் இருப்பவை 4 ஜிபி நினைவகம் கொண்ட கணினிகள். ஒவ்வொரு சேயும் பட்டியலைத் தனித்தனியே ஏற்றினால் அவை திணறிப்போகும். ஃபோர்க்கில் நினைவகப் பக்கங்கள், எழுதப்படும் வரை பகிரப்படுகின்றன. விண்டோஸ் பயனர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லை நிறுவிக்கொள்ளலாம்.

சுங்கைவாசி:
அண்ணே, அந்தப் பகிர்வு நீடிப்பதில்லை. வழக்கமான பைத்தானான சிபைத்தானில் ஒரு சொல்லைப் படித்தாலே, அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை மாறுகிறது. அதுவும் எழுதுவதுதான் என்பதால் பக்கங்கள் மெல்ல மெல்லப் பிரதியாகிவிடும். தவிர, இது விண்டோஸோடு நிற்கும் சிக்கல் அன்று. மேக்கில் பைத்தான் 3.8 முதல் இயல்புநிலை ஸ்பான், லினக்ஸில் 3.14 முதல் ஃபோர்க்சர்வர் (தனியான ஒரு சர்வர் பிராசஸிலிருந்து சேய்களை ஃபோர்க் செய்யும் முறை). மலர்களை வருடித் தரும் ஆசிரியர்களிடம் டபிள்யூஎஸ்எல் நிறுவச் சொல்வது, வேலையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

செம்பனை:
தம்பி, ஃபோர்க் வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்டால் 3.14 பதிப்பும் தரும். மண்டபக் கணினிகளில் ஃபோர்க்கால் ஸ்கிரிப்ட் இதுவரை ஒருமுறைகூடப் பாதியில் உறைந்து தொங்கியதில்லை.

பால்மரம்:
தொங்காதது தற்செயலாக இருக்கலாம், அண்ணே. ஃபோர்க் செய்யும் கணத்தில் அதே பிராசஸில் இணையாக ஓடும் வேறொரு திரெட் ஒரு பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் தடையை) பிடித்திருந்தால், சேயில் அந்தத் திரெட் இருக்காது, பூட்டு மட்டும் பூட்டியபடியே இருக்கும். அதைத் திறக்க யாரும் இல்லை. பல திரெட்டுகள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் பைத்தான் 3.12 முதல் எச்சரிக்கை வருவது இதனால்தான். படங்களைக் கையாளும் நூலகங்கள் பின்னணியில் திரெட்டுகளை உருவாக்குவது நமக்குத் தெரிந்ததே.

ஆனால் தம்பியின் திருத்தத்திலும் ஒரு குறை இருக்கிறது. தொடக்க முறையைக் கோப்பின் உச்சியில் உலகளாவிய அமைப்பாக வைத்தால், நம் ஸ்கிரிப்டை இம்போர்ட் செய்பவரின் நிரலையும் அது கட்டுப்படுத்தும். அவர் ஏற்கெனவே ஒரு முறையை அமைத்திருந்தால் ரன்டைம் பிழையும் எழும். கெட்_கான்டெக்ஸ்ட் மூலம் நமக்கென ஒரு சூழலைப் பெற்று, பூலை அதிலிருந்து உருவாக்குங்கள். பூலுக்கு இனிஷியலைசராகத் தரும் லாம்டாவும் (பெயரில்லா ஃபங்ஷன்) ஸ்பானில் பிக்கிள் ஆகாது, அதாவது சேய்க்கு அனுப்பத்தக்க பைட்டுகளாக மாறாது. அதைக் கோப்பின் மேல்மட்டத்தில் பெயருள்ள ஃபங்ஷனாக எழுத வேண்டும்.

செம்பனை:
அப்படியானால் சொற்பட்டியலை எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பாக மாற்றி, ஒவ்வொரு சேயும் இனிஷியலைசரில் தனக்கென ஓர் இணைப்பைத் திறக்கட்டும். முழுப் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றும் தேவையே எழாது. அது முடியும் வரை ஃபோர்க் ஒரு விருப்பத்தேர்வாக இருந்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சுங்கைவாசி:
விருப்பத்தேர்வாக இருக்கட்டும், இயல்புநிலை ஸ்பான். இரண்டு முறைகளிலும் ஒரே பக்கத்தை ஓட்டி, வெளியீடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனையையும் கெட்_கான்டெக்ஸ்ட் மாற்றத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.