அப்பாவின் பத்மினி ரேடியோவை யார் சரிசெய்வார்கள்?

பத்மினிப்பிள்ளை: அப்பாவின் 1978 பிரீமியர் பத்மினி காரில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருக்கிறது. டயல் விளக்கு எரிகிறது, ஆனால் படபடவென்று சத்தம் மட்டும்தான் வருகிறது. ஒரு கடையில் உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு புளூடூத் போர்டு வைக்கலாம் என்றார்கள், எனக்கு மனசே வரவில்லை, வால்யூம் குமிழில் அப்பா விரல் பட்டுத் தேய்ந்த இடம் இன்னும் வழுவழுவென்று இருக்கிறது.

சால்டரிங்_அண்ணன்: கொடுத்துவிடாதீர்கள் தம்பி! இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்தான் (மின்னைச் சேமித்து வைக்கும் சின்ன உருளை) காரணம். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்கே கிடைக்கும். பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் அளவு) வாங்குங்கள், அதில் எழுதியிருக்கும் வோல்டேஜை விடக் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் மாறவே கூடாது. அங்கேயே பழைய டிரான்சிஸ்டர் செட் பார்க்கும் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நாலு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்.

மயிலை_மெக்கானிக்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யாதீர்கள், ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். ஏரியல் வயரையும் பாருங்கள், துரு இருந்தால் ஸ்டேஷன் பிடிக்காது.

பத்மினிப்பிள்ளை: மூன்று கண்டென்சர் மாற்றினோம். நேற்று மாலை 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி கேட்டது, அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. ரொம்ப நன்றி அண்ணா!