ஐயா ஏறாத படிகள்

அக்கா, காலை 11.40
எல்லோருக்கும் வணக்கம். இராமநாதபுரம் அரண்மனையில், சேதுபதி அரசர்களின் மாளிகையான இராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டு, வாசலோர நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் தூண்களின் குளிர்ச்சி நம் பிள்ளைப் பருவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது. கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, அது முழுத் தவறும் இல்லை. மகாமண்டபம், அர்த்தமண்டபம், அவற்றுக்கு உள்ளே இராமர் பீடம் என்று கோயிலின் அமைப்பிலேயே கட்டியிருக்கிறார்கள். சேதுபதிகள் முடிசூட்டிக்கொண்ட இடம் அந்தப் பீடம்தான்.

அண்ணன், காலை 11.52
வளரி, அந்த வளைந்த எறி ஆயுதம், இன்னும் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், வளைந்த கருவேலங்கொம்பை வீசி, அடுத்த வீட்டு மண்பானையை உடைத்தவன் நான். அடி வாங்கியவன் மட்டும் தம்பி.

நான், காலை 11.55
அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, அண்ணா.

அக்கா, பகல் 12.10
வாள், ஈட்டிகளோடு வளரியும் இருக்கிறது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஓவியங்களின் முன்னால்தான். கிழவன் சேதுபதி எழுப்பிய இந்த மாளிகையின் சுவர்களில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரைந்தவை அவை. இராமாயணக் காட்சிகள், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், அரசர் கொலுவிருக்கும் கோலம் எல்லாம் சுவரை நிறைக்கின்றன. சில இடங்களில் வண்ணம் மங்கியிருப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. நம் தொப்பிக்காரர்களைத் தேடிப் பிடித்தேன். சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியர்கள் அவர்கள். 'தொப்பிக்காரன் உப்புக் கேட்க வந்தான், ராஜா கருவாடு கொடுத்து அனுப்பினார்' என்று ஐயா அந்தப் படத்தின் முன்னால் நின்று சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

பெரியப்பா, பகல் 12.31
அம்மா, கதை ஐயாவுடையதுதான். ஆனால் படத்தின் முன்னால் நின்று அவர் சொல்லியிருக்க முடியாது. அவர் ஒருநாளும் அந்தப் படியில் ஏறியதில்லை.

அக்கா, பகல் 12.33
எப்படிப் பெரியப்பா? எங்களைக் கூட்டிப் போனவரே அவர்தானே?

பெரியப்பா, பகல் 12.48
தேவிபட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் வந்து, உங்களை வாசலில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவார். விற்று முடித்துத் திரும்பி வந்தாலும் வெளியேதான் நிற்பார். யாரும் அவரைத் தடுத்ததில்லை. வேட்டியெல்லாம் கருவாட்டு வாடை அடிக்கிறது, ராஜா இருந்த இடத்துக்குள் இப்படியா போவது என்று அவராகவே ஒதுங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் என்னென்ன பார்த்தீர்கள் என்று உங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார். அன்று இரவு திண்ணையில் உங்களுக்குச் சொன்ன கதைகளெல்லாம் நீங்கள் பேருந்தில் அவருக்குச் சொன்னவைதான். உப்பும் கருவாடும் மட்டும் அவர் சேர்த்தவை.

நான், பகல் 12.52
ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பவர்போலக் கேட்பாரே, அதற்குக் காரணம் இதுதானா? நான் சலித்துக்கொண்டு, போன தடவையே சொன்னேனே ஐயா என்று அதட்டியிருக்கிறேன்.

அத்தை, பிற்பகல் 1.15
அப்பாவுக்கு அந்த அதட்டல் பிடிக்கும், தம்பி. என் பேரன் ராஜா வீட்டைக் கரைத்துக் குடித்திருக்கிறான் என்று கடற்கரையில் எல்லோரிடமும் சொல்லுவார். ஒரு தீபாவளிக்கு மறுநாள் புதுவேட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அப்பத்தா சொன்னதற்கு, பிள்ளைகள் பார்த்தால் போதாதா என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா, பிற்பகல் 1.22
இவ்வளவு நாளாக இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

அத்தை, பிற்பகல் 1.26
நீங்கள் யாரும் கேட்கவில்லையே, தாயி. சரி, ஊருக்கு வராமல் திரும்பிவிடாதே, கணவாய் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு என்னையும் அங்கே அழைத்துப் போ. கூடை காவலுக்கு அப்பாவோடு வாசல்வரை வந்தவள்தான் நானும். படி ஏறும்போது கையை மட்டும் பிடித்துக்கொள்.