ஜெர்மனியில் முதல் இரண்டு ஆண்டு: மொழியா, வேலையா?

நெக்கர்க்கரை

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் பார்த்த அதே கார் மென்பொருள் வேலைதான். அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலம். வாரத்தில் இரண்டு மாலை ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன், இப்போது ஏ2 நிலை (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழி நிலைகளில் இரண்டாவது). வகுப்பு முடிந்து வீடு சேரும்போது மணி ஒன்பதரை, மகள் தூங்கியிருப்பாள். இதை நிறுத்திவிட்டுத் தொழில் சான்றிதழ் ஒன்றை முடிக்கச் சொல்கிறார் குழுத் தலைவர். அதே நேரத்தில், மொழி தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். நீண்ட காலம் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் பிடிப்பது?

மியூனிக்வாசி

சான்றிதழை முடியுங்கள். எட்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். நானும் பதினான்கு மாதம் வகுப்புக்குப் போனேன். மேசை ஆண்பால், சுவர் பெண்பால், சிறுமி என்ற சொல்லோ இரண்டும் இல்லாத மூன்றாம் பால். இவற்றை மனப்பாடம் செய்த மாலைகளில் என் மகன் நடக்கப் பழகினான்; நான் பார்க்கவில்லை. அது இன்றும் வலிக்கிறது.

கணக்கையும் பாருங்கள். புளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான அனுமதியில் வந்தவருக்கு பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, வெறும் ஏ1 இருந்தாலே 27 மாதத்தில். ஆறு மாத வித்தியாசத்துக்காக இத்தனை மாலைகளைக் கொடுப்பதா? வீட்டு முகவரிப் பதிவு, வரி எண், காப்பீட்டுக் கடிதம் எதுவானாலும் கைப்பேசி மொழிபெயர்த்துத் தருகிறது. வேலை உறுதியாக இருந்தால்தான் மற்ற எல்லாம்.

ஹாம் அக்கா

தம்பிமாரே, நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். எங்களை ஹைமில், அகதிகள் விடுதியில் வைத்திருந்தார்கள். மாவட்ட எல்லை தாண்டுவதற்கும் அனுமதிக் கடிதம் வேண்டும். வகுப்பு என்று ஒன்றும் எங்களுக்குக் கிடையாது. 600 மணி நேர மொழி வகுப்பெல்லாம் 2005க்குப் பிறகு வந்தது. பாத்திரம் கழுவிய உணவகத்தில் கேட்ட சொற்கள்தான் எனக்குத் தெரிந்த ஜெர்மன்.

1998இல் எனக்கு மார்பில் கட்டி. மருத்துவரிடம் கதைக்க ஒன்பது வயது மகளைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் சொன்னதைக் கேட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "ஒன்றுமில்லை அம்மா, திரும்ப வரச் சொல்கிறார்" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு நோய் குணமாகிவிட்டது. அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அந்த நாளைப் பற்றி இன்றும் என்னோடு கதைக்க மாட்டாள்.

மியூனிக் தம்பி, மகன் நடந்ததைப் பார்க்காத வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் கைப்பேசியை நம்பிப் பிள்ளையை வளர்க்காதீர்கள். நாளைக்கு அந்தக் கைப்பேசியின் இடத்தில் உங்கள் பிள்ளைதான் நிற்கும்.

மியூனிக்வாசி

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு வகுப்பு மறுக்கப்பட்டது. திரும்பிப் போக ஊரும் இல்லை. எங்கள் நிலை அதுவல்ல. நான் இன்னும் நான்கு ஆண்டில் சென்னைக்குத் திரும்புகிறேன், அம்மா அங்கே தனியாக இருக்கிறார். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டும் பி1 நிலையும் கேட்கிறார்கள். ஜெர்மனி 2024 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் இந்தியா ஏற்பதில்லை, என் கடவுச்சீட்டை நான் விடப் போவதும் இல்லை. திரும்பப் போகிறவன் எவ்வளவு படிக்க வேண்டும்? அதைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைத் தர முடியாது.

வேலூர்ச் செவிலி

நான்கு ஆண்டு என்று நீங்கள் எந்த ஆண்டில் முதன்முதலாகச் சொன்னீர்கள்? என் வார்டில் இருக்கும் கேரளத் தோழிகள் எல்லோரும் வரும்போது அப்படித்தான் சொன்னார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் இங்கே ஐந்தாம் வகுப்பில்.

செவிலியருக்கு இந்த விவாதமே கிடையாது, பி2 இல்லாமல் பெரும்பாலும் உரிமம் கிடைக்காது. நான் அதோடுதான் வந்தேன். அப்படியிருந்தும் முதல் மாதம் ஷ்வேபிஷ் என்ற இந்த வட்டார வழக்கைப் பேசும் முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்கிறாரா, போர்வை கேட்கிறாரா என்று புரியாமல் நின்றேன். அதனால் வகுப்பே எல்லாம் தந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பேச ஆள் வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் அதற்கு கேர்வோகே இருக்கிறது. மாடிப்படி கூட்டும் முறை உங்கள் வீட்டுக்கு வரும் வாரம், கதவில் அட்டை தொங்கும். அந்த வாரம் துடைப்பத்தோடு படியில் நில்லுங்கள். கீழ்வீட்டுப் பாட்டி மூலையைக் காட்டி ஏதாவது சொல்வார், நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்படித்தான் வாய் திறந்தது.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. இவ்வளவு எழுதினோம், நெக்கர்க்கரையின் மனைவி என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புளூ கார்டில் வருபவரின் துணைக்கு விசாவுக்காக ஏ1கூடத் தேவையில்லை. வந்த நாளிலிருந்து வேலை செய்யவும் உரிமை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்து இறங்குகிறவர்களும் அவர்கள்தான். கணவர் ஆங்கில அலுவலகத்தில் இருக்கும்போது பள்ளி, மருந்துக்கடை, குப்பைத்தொட்டியின் நிறம் எல்லாம் யார் தலையில்?

நெக்கர்க்கரை

உண்மையைச் சொல்கிறேன். என் மனைவி ஊரில் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர். இங்கே வந்ததிலிருந்து வீட்டில் இருக்கிறார். கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதே இப்போதுதான் உறைத்தது.

நேற்றிரவு இந்தப் பதில்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஹாம் அக்கா எழுதியதைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மகளின் பள்ளியில் போன மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தின் அழைப்பு. அவர் மட்டும் போயிருந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் வந்ததை என்னிடம் சொல்லவில்லை. மகள் முதல் வகுப்பு. நான்காம் வகுப்பிலேயே அடுத்து எந்த வகைப் பள்ளி என்று ஆசிரியர்கள் பரிந்துரைத்துவிடுவார்கள். அதற்கு நமக்கு இருப்பது மூன்றரை ஆண்டுதானே என்று கேட்டார்.

அடுத்த பருவத்தில் மாலை வகுப்புக்கு அவர் போகிறார். அந்த இரண்டு மாலையும் மகளுக்குச் சோறூட்டித் தூங்க வைப்பது நான். எனக்குச் சனிக்கிழமைக் காலை வகுப்பு.

மியூனிக்வாசி

மனைவி போவது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீங்களும் சனிக்கிழமையைக் கொடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சான்றிதழ் எப்போது?

நெக்கர்க்கரை

அடுத்த ஆண்டு, அண்ணா. தலைவரிடம் திங்கட்கிழமை சொல்லப் போகிறேன்.

ஹாம் அக்கா

தம்பி, உங்கள் மனைவிக்கு விருப்பம் என்றால் ஞாயிறுகளில் தொலைபேசியில் அரை மணி நேரம் ஜெர்மனில் கதைக்கலாம். நான் அறுபது வயதில்தான் பி1 எழுதினேன், இலக்கணம் பிழைக்கும். என் மகளையும் கேட்டுப் பார்க்கிறேன்.