இன்ஜின் ஸ்டார்ட் பண்ணா ஸ்பீக்கர்ல உய்ய்ங்னு சத்தம், ஆம்ப் வேற ப்ரொடெக்ட் ஆகுது, உதவி பண்ணுங்க

திருச்சி_ஸ்விஃப்ட்:

வணக்கம் நண்பர்களே, ரெண்டு வாரமா இதோட போராடிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. வண்டி 2016 ஸ்விஃப்ட். புதுசா ஒரு 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டேன், முன்னாடி ரெண்டு சேனல் முன் கதவு ஸ்பீக்கருக்கு, பின்னாடி ரெண்டும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒரே சேனலா சேத்து, டிக்கில இருக்கிற 10 இஞ்ச் ஊஃபருக்கு (பேஸ் ஸ்பீக்கர்). இங்க ஒரு கடைலதான் ஃபிட் பண்ணாங்க.

வண்டி ஆஃப்ல இருக்கும்போது பாட்டு கேட்டா அவ்ளோ சுத்தமா இருக்கு, ஆனா இன்ஜின் ஸ்டார்ட் பண்ண உடனே கதவு ஸ்பீக்கர்ல உய்ய்ய்ங்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே கீச்சுன்னு ஏறுது, வால்யூம் ஜீரோல வச்சாலும் கேக்குது. ரெண்டாவது பிரச்சனை, பேஸ் கொஞ்சம் ஏத்தி வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டினா ஆம்ப்ல ப்ரொடெக்ட் சிவப்பு லைட் எரிஞ்சு மொத்தமா கட் ஆகிடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப வேலை செய்யுது. கடைல கேட்டா "ஃபில்டர் ஒண்ணு போட்டா சரியாகிடும், 800 ரூபா ஆகும்"னு சொல்றாங்க. போடலாமா? அப்பா ஊருக்கு போக வர இந்த வண்டிலதான் போவார், பழைய பாட்டு கேட்டுட்டே போறது அவருக்கு ரொம்ப பிடிக்கும், அவருக்காகத்தான் இவ்ளோ செலவு பண்ணேன்.

பேஸ்_பாண்டி:

ப்ரோ எனக்கும் இதே சத்தம் வந்துச்சு, ஆர்சிஏ கேபிள் (செட்டுல இருந்து ஆம்ப்புக்கு பாட்டு சிக்னல் கொண்டு போற வயர்) நடுவுல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு சத்தத்த தடுக்கிற ஒரு சின்ன டப்பா போட்டேன், சத்தம் போயிடுச்சு. சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்மி விலைல கிடைக்கும். ப்ரொடெக்ட் ஆகுறது சூட்டாலயா இருக்கும், சீட்டுக்கு அடியில காத்து போகாம அடைச்சு வச்சிருக்காங்களான்னு பாருங்க.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

தம்பி, ஃபில்டரும் வேணாம் ஐசோலேட்டரும் வேணாம், இப்போதைக்கு காசு எதுவும் செலவு பண்ணாத. நான் இருபது வருஷமா வண்டி வயரிங் பாக்குறேன், ஆக்சிலேட்டர் கூடவே ஏறுற சத்தம்னா முதல்ல பாக்க வேண்டியது எர்த்துதான், அதாவது ஆம்ப்போட நெகட்டிவ் வயர் வண்டி பாடில சேர்ற இடம். ஐசோலேட்டர் உள்ள இருக்கிறது சின்ன டிரான்ஸ்ஃபார்மர், மட்டமானது போட்டா சத்தத்தோட சேத்து கீழ பேஸையும் தின்னுடும், மூலக் கோளாறு அப்படியே உள்ளயே இருக்கும்.

ஏன் வருதுன்னு சொல்றேன் கேளு. ஆல்டர்னேட்டர் உற்பத்தி பண்றது ஏசி, உள்ள இருக்கிற டயோடுதான் அத டிசியா மாத்துது, ஆனா முழு சுத்தமா மாறாது, மேல ஒரு சின்ன அலை ஓடிட்டே இருக்கும், இன்ஜின் வேகம் ஏறினா அந்த அலையும் வேகமா அடிக்கும். ஆம்ப்போட எர்த் நல்லா இருந்தா இது ஒரு பிரச்சனையே இல்ல. எர்த் லூஸா இல்ல பெயின்ட் மேல உக்காந்திருந்தா ஆம்ப் பாடிக்கும் முன்னாடி இருக்கிற செட்டு பாடிக்கும் நடுவுல வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்துடும், அந்த ரெண்டையும் இணைக்கிற இன்னொரு வழி உன் ஆர்சிஏ கேபிளோட வெளி சுத்து கம்பி, கரன்ட் அது வழியா திரும்பப் பாக்கும், அதைத்தான் ஆம்ப் பாட்டுன்னு நினைச்சு பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புது.

இப்போ செய்ய வேண்டியது. மொத்தமா ஆஃப் பண்ணிட்டு ஆம்ப் பக்கம் ஆர்சிஏவ கழட்டிடு, அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி கேளு. சத்தம் போயிடுச்சுன்னா அது ஆர்சிஏ வழியாத்தான் வருது. திரும்ப ஆஃப் பண்ணிட்டு, போன்ல இருந்து ஒரு ஆர்சிஏ வயர் நேரா ஆம்ப்புக்கு குடுத்து பாரு, போன் சார்ஜர்ல இருக்கக் கூடாது, அதுலயும் சுத்தமா இருந்தா ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. ஒரு எச்சரிக்கை, ஆன்ல இருக்கும்போது ஆர்சிஏவ பிடுங்கி சொருகாத, சில செட்டுல உள்ள இருக்கிற மெல்லிசு எர்த் லைன் எரிஞ்சு போய் அதுவே புது சத்தத்தை கொண்டு வந்துடும்.

அடுத்து மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்ல வை, பேட்டரி நெகட்டிவ்ல ஒரு நீள வயர் மாட்டி டிக்கி வரைக்கும் இழுத்து கருப்பு ப்ரோப்ல கட்டு, சிவப்ப ஆம்ப்போட கிரவுண்ட் டெர்மினல்ல வை, வண்டி ஓட பாட்டு நல்ல பேஸோட ஓடட்டும். 0.1, 0.2 வந்தா பரவால்ல, அரை வோல்ட்ட தாண்டினா எர்த் போச்சு. ஓம்ஸ்ல வச்சு பீப் அடிச்சா சரின்னு விட்டுடாத, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும், இருபது ஆம்பியர் ஓடும்போதுதான் உண்மை தெரியும்.

ப்ரொடெக்ட் ஆகுறதுக்கு ஊஃபர் எத்தன ஓம், ஒரு காயிலா ரெண்டு காயிலா, ஆம்ப் புக்ல பிரிட்ஜ்ல குறைஞ்சபட்சம் எத்தன ஓம்னு போட்டிருக்கு, இந்த மூணையும் சொல்லு.

திருச்சி_ஸ்விஃப்ட்:

அண்ணே ரொம்ப நன்றி, இன்னைக்கு லீவு போட்டு உக்காந்துட்டேன். ஆர்சிஏ கழட்டினா சத்தம் சுத்தமா இல்ல, போன்ல இருந்து குடுத்தாலும் இல்ல. நீங்க சொன்ன மாதிரி எர்த் பாத்தேன், பேஸ் அடிக்கும்போது 1.3 வோல்ட் காட்டுது!! பேட்டரில 14.1 இருக்கு, ஆம்ப் டெர்மினல்ல 12.3தான் வருது. எர்த் வயர் எங்க போகுதுன்னு தேடினா பின் சீட் பெல்ட் போல்ட்ல வளையம் மாட்டி முடுக்கியிருக்காங்க, அடியில பெயின்ட் அப்படியே இருக்கு.

ஊஃபர் 4+4 ஓம் டபுள் காயில், பாக்ஸ் டெர்மினல்ல மீட்டர் 1.7 ஓம் காட்டுது. ஆம்ப் புக்ல பிரிட்ஜ்ல 4 ஓம்னு போட்டிருக்கு. இன்னொண்ணு, பவர் வயரு 8 கேஜ், பேட்டரில இருந்து நேரா வருது, ஃபியூஸ் ஆம்ப் பக்கத்துல மட்டும்தான் இருக்கு, அது சரியா?

மதுரை_மீனா:

சார் மத்தது எல்லாம் அப்புறம், இப்போவே போய் பேட்டரில இருந்து அந்த ஆம்ப் வயர கழட்டி டேப் சுத்தி வைங்க. ஃபியூஸ் ஆம்ப்புக்காக இல்ல, வயருக்காக. பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் நாலஞ்சு மீட்டர் வயர் காப்பே இல்லாம ஓடுது, நடுவுல எங்கயாச்சும் தகடு கிழிச்சு பாடில பட்டா ஃபியூஸ் எதுவும் போகாது, வயரே பழுத்து எரியும். பேட்டரில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் கட்டாயம் இருக்கணும். இன்ஜின் ரூம்ல இருந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் கிராமெட் போட்டிருக்காங்களான்னும் பாருங்க, வெறும் தகடு விளிம்புல வயர் உரசிட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள் தோல் அறுந்துடும். எங்க பக்கத்து வீட்டு வண்டில இப்படித்தான் டேஷ்போர்டுக்கு அடியில புகை வந்துச்சு, நல்ல வேளை வண்டி நின்னுட்டு இருந்துச்சு. உங்க அப்பா தனியா ஓட்டிட்டு போற வண்டின்னு சொன்னீங்க, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

அந்தம்மா சொன்னத முதல்ல செய். ஆம்ப் மேல எத்தன ஆம்பியர் ஃபியூஸ் இருக்கு? ரெண்டு 25ன்னா பேட்டரி கிட்ட 50 போடு. அதோட வயரையும் ஒரு ஓரம் சுரண்டிப் பாரு, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது காப்பர் பூசின அலுமினியம், அதே தடிமன்ல காப்பர் கடத்துறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் கடத்தும். அந்த வயரை நம்பி 50 ஆம்பியர் ஓட்டாத. முழு காப்பர் 4 கேஜ் வாங்கு (கேஜ் நம்பர் குறைஞ்சா வயர் தடிமன் கூடும்), எர்த்துக்கும் அதே 4 கேஜ்.

சீட் பெல்ட் போல்ட்ல இருந்து எர்த்தக் கழட்டிடு, அது உயிர் காக்குற போல்ட், அதுல வளையம் வாஷர்னு எதையும் சொருகவே கூடாது, எடுத்ததும் சர்வீஸ்ல குடுத்து சரியான அளவுக்கு முடுக்கச் சொல்லு. டிக்கில கெட்டியான பாடி தகடு பாத்து, அடியில பெட்ரோல் டேங்க், பைப் எதுவும் இல்லன்னு குனிஞ்சு பாத்துட்டு, உப்புத்தாள் வச்சு பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் தேய், லக்க (வயர் முனைல மாட்டுற வளையம்) நல்லா அழுத்தி கிரிம்ப் பண்ணி பல் வாஷர் போட்டு நட்டு போல்ட்டால முடுக்கு, மேல கொஞ்சம் கிரீஸ் தடவிடு, இல்லன்னா ஒரு மழைக்காலத்துல துரு பிடிச்சுடும். வயர் அரை மீட்டருக்கு மேல வேணாம்.

ஊஃபர்தான் ப்ரொடெக்ட்டுக்கு காரணம், சந்தேகமே இல்ல. ரெண்டு காயிலையும் பேரலல் பண்ணதால 2 ஓம் ஆயிடுச்சு. பிரிட்ஜ்ல ஒவ்வொரு சேனலும் பாதியத்தான் பாக்கும், அதாவது 1 ஓம், ஓம் குறைஞ்சா கரன்ட் கூட இழுக்கும், அது எப்படி தாங்கும். சீரிஸ்ல மாத்திடு, முதல் காயில் மைனஸ ரெண்டாவது காயில் ப்ளஸ்ல சேத்துட்டு மிச்சம் ரெண்டு முனையயும் ஆம்ப்புக்கு குடு, 8 ஓம் வரும், மீட்டர்ல 7 பக்கம் காட்டும்.

திருச்சி_ஸ்விஃப்ட்:

வெள்ளிக்கிழமை வயர் வாங்கி நேத்து முழுசா உக்காந்து செஞ்சுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே பழைய வயரு உள்ள வெள்ளை. ஓட்டைல கிராமெட்டும் இல்ல, ஒரு இடத்துல மேல் தோல் பாதி தேஞ்சு போயிருந்துச்சு, அத பாத்ததும் எனக்கு கை நடுங்கிடுச்சு, மீனா மேடம் உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பவர் வயரு ஒரு பக்கம், ஆர்சிஏ இன்னொரு பக்கம்னு பிரிச்சு விட்டுட்டேன்.

இப்போ எர்த்ல 0.1க்கும் கீழ, ஆம்ப் டெர்மினல்ல 13.8. உய்ய்ங் சத்தம் சுத்தமா இல்ல, ஃபுல்லா மிதிச்சும் பாத்தேன். திருச்சில இருந்து தஞ்சாவூர் போயிட்டு வந்தோம், ஒரு தடவை கூட கட் ஆகல. அப்பா வழி முழுக்க பேசவே இல்ல, பாட்டு கேட்டுட்டே வந்தார்.

பேஸ்_பாண்டி:

சூப்பர் ப்ரோ. நானும் நாளைக்கு என் வண்டி எர்த்த கழட்டி பாக்குறேன். 8 ஓம் ஆக்கினதுல பேஸ் குறைஞ்சிடுச்சா?

திருச்சி_ஸ்விஃப்ட்:

கொஞ்சம் குறைஞ்சிருக்கு ப்ரோ, ஆனா முன்னாடி கொழகொழன்னு அடிச்சது இப்போ மிருதங்கம் மாதிரி தெளிவா கேக்குது. கெய்ன் (ஆம்ப் சிக்னல எவ்ளோ பெருசாக்கணும்னு வைக்கிற திருகு) இன்னும் செட் பண்ணல, ஞாயித்துக்கிழமை மீட்டர் வச்சு பண்ணப் போறேன்.

கோவை_ஆட்டோ_எலக்ட்ரிக்:

கெய்ன் வைக்கும்போது ஊஃபர் வயரை கழட்டிட்டு, செட்டு வால்யூம் முக்கால்வாசில, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு ஏசி வோல்ட் பாரு. புக்ல போட்டிருக்கிற வாட்ஸ ஓம்ஸோட பெருக்கி வர்க்கமூலம் எடு, உனக்கு 8 ஓம்ல 120 வாட்னா 31 வோல்ட் வரும், அங்க நிறுத்திடு. பேஸ் பூஸ்ட் ஜீரோலயே இருக்கட்டும்.